அத்தாவுக்கு எவ்வளவு நடை? ஹஜ் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. கணவர் காலமாகிவிட்டார். உடன்பிறந்தவர் யாரும் இல்லை, பெற்றோருடன் வசிக்கிறார். அத்தாவுக்கு 71 வயது. 20 வருடமாகச் சர்க்கரை நோய், காலையும் இரவும் இன்சுலின். ஒன்றரை ஆண்டுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கால் மரத்துப்போகிறது என்று அடிக்கடி சொல்வாராம். அம்மாவுக்கு 66 வயது. மூட்டுத் தேய்மானம், ரத்தக் கொதிப்பு. நரம்பு வலிக்கு ப்ரீகாபலினும், வலி கூடும் நாள்களில் டிரமடால் கலந்த மாத்திரையும் சாப்பிடுகிறார்.

மூவரும் சேர்ந்து ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. இப்போது கையில் பணம் சேர்ந்திருக்கிறது, மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன. முதலாவது பேக்கேஜில் மக்கா ஹோட்டலிலிருந்து ஹரமுக்கு (கஃபா இருக்கும் பள்ளிவாசலுக்கு) சில நிமிட நடைதான். ஆனால் ஹஜ் நாள்களில் தங்கும் மினா கூடாரம் தள்ளி, முஸ்தலிஃபா (அரஃபாவிலிருந்து திரும்பும் இரவு தங்கும் இடம்) எல்லைப் பக்கம். இரண்டாவதில் தங்குமிடம் அஜீஸியாவில், ஹரமிலிருந்து தூரம். கூடாரமோ ஜம்ராவுக்கு (கல்லெறியும் இடத்துக்கு) கிட்டே. மூன்றாவது, தெரிந்தவர் ஒருவர் சொன்ன வழி: விசிட் விசாவில் முன்கூட்டியே மக்காவுக்குப் போய் இருந்துவிட்டால் செலவு பாதிதான், “எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்”.

அத்தா பிடிவாதக்காரர். “நடந்தால்தான் ஹஜ்” என்கிறார், வீல்சேர் பேச்சையே எடுக்கவிடுவதில்லை. அரஃபா நாளில் (ஹாஜிகள் அரஃபா மைதானத்தில் கூடும் துல்ஹஜ் 9ஆம் நாளில்) நோன்பு வைக்கப்போகிறாராம். கழிவறைக்கு அலைய முடியாது என்பதால் ஹஜ் நாள்களில் நீர் மாத்திரையை நிறுத்திவிடுவாராம். சகோதரிக்குத் தன்னைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது: மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போடலாமா? அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, அது வருமுன் கண்ணில் மின்னல் போலத் தெரியுமாம். தடுப்பூசிகளைப் புறப்படும் வாரத்தில் போட்டுக்கொள்ள நினைத்திருக்கிறார். கடைசியாக, “அத்தாவால் முடியாது என்றால் எங்களுக்கும் ஹஜ் இல்லையா, டாக்டர்?” என்று கேட்கிறார்.

வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

உங்கள் கடிதத்தில் ஹோட்டலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அத்தா ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அதில்தான் தொடங்குவேன். டிக்கெட், அறை, கூடாரம், போகும் நாள், திரும்பும் நாள் எல்லாமே அந்தத் தூரத்தைப் பொறுத்தே முடிவாக வேண்டும். மூவரில் யாருடைய உடம்பு மிகவும் பலவீனமோ, அவரை வைத்துத்தான் பயணத்தை அமைக்க வேண்டும்.

அதற்கு முன் அந்த மூன்றாவது வழியைப் பேசி முடித்துவிடுவோம்.

விசிட் விசா வேண்டவே வேண்டாம்

ஹஜ் செய்ய ஹஜ் விசாவும் அனுமதியும் கட்டாயம். 2025இல் சவுதி அரசு அறிவித்த விதிப்படி, அனுமதி இல்லாமல் ஹஜ் செய்ய முயல்பவருக்கு 20,000 ரியால் வரை அபராதம். அப்படி ஆள் சேர்ப்பவருக்கும் தங்க இடம் கொடுப்பவருக்கும் 1,00,000 ரியால் வரை. விசா முடிந்தும் தங்கி ஹஜ் செய்யப் போனவர்களை நாடு கடத்தி, 10 ஆண்டுகளுக்கு உள்ளே வரவிடாமல் தடுக்கிறார்கள். துல்கஅதா மாதத்தின் முதல் நாளிலிருந்து ஹஜ் மாதமான துல்ஹஜ் 14 வரை விசிட் விசாக்காரர்கள் மக்காவுக்குள் நுழையவோ தங்கவோ கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. புனிதத் தலங்களுக்குள் நுழைய, அனுமதி பெற்ற ஹாஜிகளுக்குத் தரும் நுஸுக் அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறார்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மருத்துவராக என்னை அச்சப்படுத்துவது வேறு. 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். நிழலும் இளைப்பாற இடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அந்த ஜூன் 17ஆம் தேதி மக்கா ஹரமில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரம் கிடையாது, பேருந்தில் இடம் கிடையாது. மயக்கம் வந்தால்கூடப் பிடிபட்டுவிடுவோமோ என்று உதவி கேட்கத் தயங்குவார்கள். ஸ்டென்ட் வைத்த, இன்சுலின் போடும் 71 வயதுக்காரரை அந்த நிலையில் நிறுத்தவே கூடாது. “எல்லாரும் போகிறார்கள்” என்று சொன்னவர், போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று சொல்லவில்லை. பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால் இன்னும் சில வருடம் சேர்த்துவிட்டுப் போங்கள்.

கால்கள் நடக்க வேண்டிய தூரம்

இப்போது மீதி இரண்டு பேக்கேஜ்கள். இரண்டிலும் கூடாத, குறையாத நடை ஒன்று உண்டு. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஒரு முறை போக சுமார் 450 மீட்டர். இப்படி 7 முறை போய்வந்து ஒரு தொங்கோட்டம் முடித்தால் 3 கிலோமீட்டர் தாண்டிவிடும். முதலில் உம்ரா, பிறகு ஹஜ் என்று தமத்துஉ முறையில் செய்தால் இரண்டு தொங்கோட்டம், மூன்று தவாஃப் (கஃபாவை 7 முறை சுற்றுவது). கீழ்த்தளத்தில் கஃபாவை ஒட்டிச் சுற்றுவது குறைவான தூரம், ஆனால் நெரிசல். மேல்தளத்துக்குப் போனால் நெரிசல் குறையும், ஒவ்வொரு சுற்றும் பல மடங்கு நீளும்.

பேக்கேஜைப் பொறுத்து மாறுவது மினாவின் நடைதான். துல்ஹஜ் 10, 11, 12 ஆகிய மூன்று நாளும் ஜம்ராவுக்குப் போய்க் கல்லெறிந்து திரும்ப வேண்டும். மினாவில் ஜம்ராவிலிருந்து அரை கிலோமீட்டரிலும் கூடாரம் உண்டு, மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியும் உண்டு. தூரக் கூடாரத்திலிருந்து போய்வர ஒரு நாளைக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்று நாளில் 18. நெரிசலைத் தவிர்க்க வழிகளை ஒருவழியாக்கியிருப்பதால், போன பாதையில் திரும்ப முடியாமல் அதுவும் கூடும். நடுவில் களைத்தால் ஓரமாக உட்கார்ந்து ஓய்வெடுக்கக்கூடக் கூட்டம் விடாது.

அதனால் என் தேர்வு இரண்டாவது பேக்கேஜ். அஜீஸியா என்பது மினாவுக்கும் ஹரமுக்கும் நடுவில் உள்ள பகுதி. ஹஜ்ஜை ஒட்டிய சில நாள்களில் அங்கிருந்து ஹரமுக்குப் போகும் பேருந்துகள் நின்றுவிடுவது வழக்கம், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாள்களில் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழலாம். ஹரமின் சிறப்பு கஃபாவைச் சுற்றிய பள்ளிக்கு மட்டுமன்றிப் புனித எல்லை முழுவதற்கும் உண்டு என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) அத்தாவை வைத்துக்கொண்டே இதைக் கேளுங்கள், அவர் மனம் ஆறும். ஹரமைப் பார்த்த ஹோட்டல் அறை பெரிய பாக்கியம்தான். ஆனால் அத்தாவின் உடம்புக்கு உண்மையான சோதனை வரும் ஐந்து நாளும் நீங்கள் அந்த அறையில் இருக்கப்போவதில்லை.

ஏற்பாட்டாளரிடம் வேறு சில விஷயங்களையும் எழுத்தில் வாங்குங்கள். மினா, அரஃபா, முஸ்தலிஃபா இடையே பேருந்தா, மஷாயிர் ரயிலா? அந்த ரயிலுக்கு மூன்று இடங்களிலும் மும்மூன்று நிலையங்கள் உண்டு. ரயில் என்றால் கூடாரத்திலிருந்து நிலையத்துக்கு எவ்வளவு நடை? கூடாரத்துக்குப் பக்கத்தில் கழிவறை எங்கே? முதலில் மதீனாவா, மக்காவா?

இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. உங்கள் விஷயத்தில் மதீனாவில் போய் இறங்கும் பேக்கேஜ் நல்லது. கடும் வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் தேவைப்படும். மஸ்ஜிதுந் நபவியைச் சுற்றித் தரை சமமாக இருக்கும், ஹஜ் அமல்களின் கெடுபிடியும் அங்கே இல்லை. அத்தா தன் சர்க்கரையையும் நடையையும் சீர்செய்துகொள்ள அந்த நாள்கள் உதவும். இன்னொரு வசதி: மதீனாவிலிருந்து மக்கா போகும்போது வழியில் உள்ள துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டினால் (ஹஜ், உம்ராவுக்கான உடையும் எண்ணமும்) போதும். நேரே ஜித்தாவில் இறங்கினால் விமானத்திலேயே நிய்யத் (அந்த எண்ணம்) வைக்க வேண்டியிருக்கும், வயதானவருக்கு அது ஒரு சிரமம்.

நீங்கள் யோசிக்காத ஒன்று: கூடாரத்தில் அத்தா தனியாக இருப்பார்

“நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மினாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கூடாரம் வேறு வேறு. இரவு 2 மணிக்கு அத்தாவுக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். வேறு ஆண் துணை இல்லாத குடும்பத்துக்கு இந்தப் பயணத்தின் பெரிய சிக்கல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதற்கு வழி இங்கேயே செய்துவிட்டுப் போக வேண்டும்.

ஒன்று, அத்தா தானே ஊசி போடவும், தானே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவும் இப்போதே பழக வேண்டும். இதுவரை நீங்கள் போட்டுவிட்டிருந்தால் இன்றோடு அந்த வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். இன்னொன்று, அதே குழுவில் போகும் விவரமான ஒருவரை, நடுத்தர வயதுக்காரராக இருந்தால் நல்லது, இங்கேயே கண்டுபிடித்துப் பழகவிடுங்கள். சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும், என்ன கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள். வழிகாட்டியாக வரும் ஹஸ்ரத்துக்கும் தெரியட்டும். இஹ்ராம் துணியில் பை கிடையாது. இடுப்பு பெல்ட்டில் குளுக்கோஸ், நோய் விவரமும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்திலோ அரபியிலோ எழுதிய ஒரு சிறு தாள், உங்கள் தொலைபேசி எண் மூன்றும் எப்போதும் இருக்க வேண்டும்.

அத்தாவிடம் சொல்லுங்கள்

இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அத்தா, நடந்தால்தான் ஹஜ் என்பது உங்கள் அன்பு. மார்க்கம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. நபி (ஸல்) அவர்களே தங்கள் இறுதி ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மீதிருந்து தவாஃப் செய்திருக்கிறார்கள். உம்மு ஸலமா (ரலி) உடல்நலமில்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யச் சொன்னார்கள். வீல்சேர் அப்படியொரு வாகனம்தான். தொங்கோட்டப் பாதையில் வீல்சேருக்கென்றே தனி வழி வைத்திருக்கிறார்கள்.

அரஃபா நோன்பு ஊரில் இருப்பவர்களுக்குப் பெரும் நன்மை. ஆனால் அரஃபாவில் நிற்கும் ஹாஜிக்கு? அந்த நாளில் நபியவர்கள் நோன்பு வைத்திருக்கிறார்களா என்று மக்களுக்குச் சந்தேகம் வந்தபோது உம்முல் ஃபழ்ல் (ரலி) பால் அனுப்பிவைத்தார்கள். எல்லாரும் பார்க்க, ஒட்டகத்தின் மேலிருந்தே அதை அருந்தினார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், துஆ கேட்க வேண்டிய மாலை நேரத்தில் நீங்கள் மருத்துவமனையில் இருப்பீர்கள். ஜபலுர் ரஹ்மா குன்றில் ஏற வேண்டும் என்பதும் இல்லை. அரஃபா முழுவதும் நிற்கும் இடம்தான். 2025இல் அரஃபா நாளன்று காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கூடாரத்தை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சவுதி ஹஜ் அமைச்சரே கேட்டுக்கொண்டார். நிழலில் அமர்ந்து கேட்கும் துஆவும் அரஃபாவின் துஆதான்.

குடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இஹ்ராமில் தலையில் துணி போடக்கூடாது, குடை நிழல் கூடும்.

இனி உங்களிடம், சகோதரி. கல்லெறிவதற்குக் கூட்டம் அலைமோதும் நேரத்தை விட்டு இரவில் போகலாமா, அம்மாவும் அத்தாவும் முஸ்தலிஃபாவிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகே புறப்படலாமா, முடியாத நாளில் அவர்களுக்காக நீங்கள் எறியலாமா என்ற மூன்று கேள்விகளையும் உங்கள் மத்ஹப்படி (நீங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்ட மரபுப்படி) ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலவீனமானவர்களுக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அங்கே நெரிசலில் நின்றுகொண்டு கேட்பதைவிட இங்கே கேட்டுத் தெளிவது நிம்மதி.

மடக்கும் வீல்சேர் ஒன்றைச் சொந்தமாகவே கொண்டுபோங்கள். ஹரமில் வண்டியும் தள்ளுபவரும் கிடைப்பார்கள், மினாவில் அப்படி எதிர்பார்க்க முடியாது. உங்கள் ஒருவரால் இரண்டு பேரையும் தள்ள முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். கல்லெறிய அம்மாவும் கட்டாயம் போய்த்தான் ஆக வேண்டுமா என்பது அதனால்தான் முக்கியம்.

மருந்துப் பை

நீர் மாத்திரையை அத்தாவாக நிறுத்தக் கூடாது. இதயத்துக்காகக் கொடுத்திருந்தால் நிறுத்திய சில நாளிலேயே கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதே சமயம், கடும் வெயிலில் வழக்கமான அளவையே போட்டால் உடம்பில் நீர் வற்றி ரத்த அழுத்தம் இறங்கவும் கூடும். எனவே இது இதய மருத்துவர் அளவு குறித்துத் தர வேண்டிய விஷயம். எந்த நேரத்தில் போடுவது என்பதையும் கேளுங்கள், கழிவறைப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் அதிலேயே தீர்வு இருக்கும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுத்தால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். ஸ்டென்டுக்காகத் தரும் ரத்தம் உறையாமை மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. அந்த மாத்திரை போடுபவருக்குச் சின்ன வெட்டும் அதிகம் கசியும், ஆகவே முடி இறக்கும்போது புதிய பிளேடு போடச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்ட பிளேடு மஞ்சள் காமாலைக் கிருமிகளையும் கடத்தும்.

நிறைய நடக்கும் நாளில், வெயிலும் சேர்ந்தால், வழக்கமான இன்சுலின் அளவு சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடலாம். நடக்கும் நாளுக்கு ஒரு அளவு, ஓய்வு நாளுக்கு ஒரு அளவு என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கு அறையில் உறைந்துவிட்டால் பயன்படாது. மினாவில் குளிர்பை வேண்டும், ஆனால் பனிக்கட்டியில் நேராகப் படக்கூடாது. மருந்துகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம்.

அம்மாவின் மாத்திரைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ப்ரீகாபலினும் டிரமடாலும் நமக்குச் சாதாரண வலி மாத்திரைகள். சவுதியில் இரண்டும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் அப்படித்தான். சீட்டு இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே தொல்லை வரும். முதலில் மருத்துவரிடம் வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். மாறுவதானால் புறப்படும் சமயத்தில் வேண்டாம், ப்ரீகாபலினைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால் மெதுவாகக் குறைக்க வாரக்கணக்கில் ஆகும். மாற்ற முடியாது என்றால் சவுதி உணவு மற்றும் மருந்து ஆணையத்திடம் இணையத்தில் முன் அனுமதி பெற்று, மருந்துச் சீட்டோடும் மருத்துவர் கடிதத்தோடும், பயண நாள்களுக்குத் தேவையான அளவை மட்டும் அசல் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். “அம்மா தெரியாமல்தான் கொண்டு வந்தார்” என்பது அங்கே எடுபடாது.

தடுப்பூசியைப் புறப்படும் வாரத்துக்குத் தள்ளியிருப்பது தவறு. மூளைக்காய்ச்சலுக்கான நால்வகைத் தடுப்பூசி, சவுதிக்குள் நுழைவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும், அதற்குச் சான்றிதழும் வேண்டும். இது வெறும் சடங்கென்று நினைக்காதீர்கள். 1987இல் ஹஜ்ஜோடு இந்த நோய் பரவியது. 2000, 2001 ஆண்டுகளில் W135 என்ற இன்னொரு வகை ஹாஜிகள் மூலம் பல நாடுகளுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் நால்வகை ஊசி கட்டாயமானது. ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். கூடவே மூவருக்கும் ஃப்ளூ ஊசி, பெற்றோருக்கு நிமோனியா ஊசி. சில நாடுகளிலிருந்து வருவோரிடம் போலியோ சொட்டு மருந்துச் சான்றும் கேட்பார்கள், ஏற்பாட்டாளரிடம் உறுதிசெய்யுங்கள்.

அத்தாவின் கால் தனிக் கவனம் கேட்கிறது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு கொதிக்கும் தரையில் நடந்து, கொப்புளம் வந்த பிறகே தெரிந்துகொள்ளும் சர்க்கரை நோயாளிகள் ஹஜ்ஜில் வருடாவருடம் உண்டு. தவாஃப் செய்யும் இடத்துப் பளிங்கு குளிர்ச்சியாக இருக்கும், அதை நம்பி வெளியேயும் அப்படியே நடந்துவிடுவார்கள். இரண்டு ஜோடி மெத்தென்ற செருப்பு, செருப்பைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பை, ராத்திரி தூங்கும் முன் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கம் எல்லாம் வேண்டும். புதுச் செருப்பை இப்போதே போட்டு நடந்து பழக்குங்கள்.

உங்களைப் பற்றியும் கொஞ்சம்

மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்டெரோன் மாத்திரையைப் பலர் கடையில் தாங்களாகவே வாங்கிப் போடுகிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் தெரியும் என்கிறீர்கள். அந்த வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கொஞ்சம் கூடுதல். இந்த மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பையும் கூட்டக்கூடும். நீண்ட விமானப் பயணமும் நீர் வற்றுதலும் அதோடு சேர்கின்றன. மகப்பேறு மருத்துவரை இரண்டு மூன்று மாதம் முன்பே பாருங்கள், வேறு வழி இருந்தால் அவர் பரிசோதித்துச் சொல்வார்.

மாத்திரை இல்லாமலும் ஹஜ் கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹஜ் பயணத்தில் மாதவிடாய் வந்தபோது, தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்யும் மற்ற எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள் நபியவர்கள். அரஃபா, முஸ்தலிஃபா, கல்லெறிதல் எதற்கும் தடை இல்லை. தடைபடுவது தவாஃப் மட்டும்தான், சுத்தமான பிறகு செய்யலாம். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது திரும்பும் தேதி. துல்ஹஜ் 13ஆம் நாளே விமானம் ஏறும்படியான பேக்கேஜ் உங்களுக்கு ஒத்துவராது. ஹஜ் முடிந்து ஒரு வாரமாவது மக்காவில் இருக்கும்படி பாருங்கள். மதீனா முதலில் என்பது இங்கேயும் உதவுகிறது, ஹஜ் முடிந்ததும் அவசரமாக மதீனாவுக்குக் கிளம்ப வேண்டியிருக்காது.

அத்தாவால் முடியாது என்றால்

ஹாஜிகளுக்கு உடல்தகுதி நிபந்தனைகளைச் சவுதி அரசு கடுமையாக்கியிருக்கிறது. கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்கும் இதயச் செயலிழப்பு, டயாலிசிஸ் நிலைச் சிறுநீரக நோய், ஆக்ஸிஜன் தேவைப்படும் நுரையீரல் நோய், மறதி நோய், சிகிச்சையில் உள்ள புற்றுநோய் போன்றவை இருந்தால் அனுமதி இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அத்தா இதில் எதிலும் வரமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எக்கோவும் டிரெட்மில் சோதனையும் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. சான்றிதழில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் ஒரு மருத்துவரைத் தேடிப்போகாதீர்கள். இதய மருத்துவர் “வேண்டாம்” என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்போது அத்தாவின் கடமை என்னாகும் என்று நீங்கள் கவலைப்படுவீர்கள். ஹஜ் சக்தி பெற்றவர் மீதுதான் கடமை என்று குர்ஆன் சொல்கிறது. வாகனத்தில் நிமிர்ந்து உட்கார முடியாத தன் முதிய தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் கேட்டபோது, “செய்” என்றே நபியவர்கள் சொன்னார்கள். அத்தாவுக்குப் பகரமாக நீங்கள் செய்யலாம். அதற்கு முதலில் உங்கள் ஹஜ்ஜை நீங்கள் முடித்திருக்க வேண்டும் என்பதையும் மற்ற நிபந்தனைகளையும் ஆலிம் விளக்குவார். அத்தா இல்லாமல் நீங்களும் அம்மாவும் போவதற்கும் சவுதி தரப்பில் தடை இல்லை. பெண்ணுக்கு மஹ்ரம் (துணையாக வரும் கணவர் அல்லது நெருங்கிய ஆண் உறவினர்) கட்டாயமில்லை என்று 2022 அக்டோபரில் அந்நாட்டு ஹஜ் அமைச்சர் அறிவித்துவிட்டார். மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் நாட்டு ஹஜ் விதியில் வயது வரம்போ குழு நிபந்தனையோ இருக்கலாம். இரண்டையும் விசாரியுங்கள்.

உடம்பு தேறும்வரை ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போடுவதிலும் ஒரு லாபம் உண்டு. சந்திர ஆண்டு குறைவு என்பதால் ஹஜ் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. 2026இல் மே மாதக் கடைசி, 2028இல் மே மாதத் தொடக்கம். மே மாதமும் மக்காவில் சூடுதான், 40 டிகிரியைத் தாண்டும். ஜூன் கடைசியின் கொடுமை மட்டும் இல்லை. ஆனால் 71 வயதில் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதால், வெயிலை மட்டும் காரணமாகச் சொல்லித் தள்ளிப்போட வேண்டாம். இதயச் சோதனை நன்றாக வந்தால் வருகிற ஹஜ்ஜுக்கே ஏற்பாடு செய்யுங்கள்.

போகத் தகுதி என்றால் நாளையிலிருந்து அத்தாவை நடக்கவிடுங்கள். சுபுஹு தொழுகைக்குப் பிறகு 15 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போய் சுமார் இரண்டு மாதத்தில் ஒரு மணி நேரம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மூச்சிரைப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பயிற்சியில் அவருடைய கால் எவ்வளவு தாங்கும் என்பது உங்கள் இருவருக்குமே தெரிந்துவிடும், வீல்சேர் பற்றிய வாக்குவாதமும் பாதி குறையும்.

சவுதியில் மருத்துவ ஆலோசனைக்கு 937, ஆம்புலன்ஸுக்கு 997. இரண்டையும் மூவர் கைப்பேசியிலும் போட்டு வையுங்கள். மினாவிலும் அரஃபாவிலும் ஹாஜிகளுக்கென்றே மருத்துவமனைகள் இயங்குகின்றன, சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. மதீனாவில் மருத்துவமனையில் சேர்ந்துவிட்ட ஹாஜிகளைக்கூட ஆம்புலன்ஸ் வரிசையில் அரஃபாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அத்தாவிடம் இப்போதே வாக்கு வாங்குங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மருத்துவக் காரணத்தால் ஒருவர் மட்டும் விலக நேர்ந்தால் எவ்வளவு பணம் திரும்பும், எந்தத் தேதிவரை திரும்பும் என்பதை ஏற்பாட்டாளரிடம் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக மட்டும் “பார்த்துக்கொள்ளலாம்” என்றால் பணம் கட்டாதீர்கள். எக்கோ, டிரெட்மில் முடிவுகளும் அத்தாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். நடக்கும் நாள், ஓய்வு நாள் என்று அவருக்கான கால அட்டவணையைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.